முகவரிப் பட்டியல் யாருடையது?

மகா சிவராத்திரி இரவில் பாலாவித் தீர்த்தத்தில் நீர் மொண்டுவந்து, வரிசையில் நின்று, திருக்கேதீஸ்வரத்து மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே வார்க்கிறவர்களில் பலர் இன்று மன்னாரில் குடியிருப்பவர்கள் அல்லர். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று பல திசைகளிலிருந்தும் வருகிறார்கள். லீவு போட்டுக்கொண்டு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. 1990இல் போர் இந்தப் பக்கத்தை மூடியபோது மன்னார்க் கரையிலிருந்து ஒரு பகுதியினர் படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போனார்கள். இன்னொரு பகுதியினர் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தார்கள். இவர்களில் பலர் பிறகு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினார்கள். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் கோயிலில் வழிபாடு மெல்ல வழமைக்குத் திரும்பியது. வருடத்தில் ஓரிரவு மடத்துத் திண்ணையில் சந்தித்துக்கொள்ளும் இவர்களை மற்ற நாட்களில் சேர்த்துவைத்திருப்பது ஒன்றுதான்: கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் சேமித்து வைத்த தொடர்பு விவரங்கள்.

அப்படிப்பட்ட ஒருவருடைய தொடர்புப் பட்டியலில் யார் யார் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ரொறன்ரோவில் இருக்கும் தமக்கை. தமிழ்நாட்டு முகாமில் இன்னும் இருக்கும் சித்தப்பா. உறுதிக்காணி விடயமாக ஒருமுறை எழுதிய சட்டத்தரணி. காணாமற்போன மகனைப் பற்றி விசாரிக்க எழுதிய நிறுவனத்தின் அலுவலர். சுவிஸில் அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் தன் இருப்பிடத்தை யாருக்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட நண்பன். பிறகு வங்கி, பாடசாலை அதிபர், திருப்பணிக்கு நன்கொடை சேர்த்தவர், மருத்துவர். இந்தப் பட்டியலை வைத்திருப்பவர் ஒருவர். அதில் இருப்பவர்கள் நூறு பேர். ஒரு இணைய நிறுவனம் இதைக் கேட்கும்போது அனுமதி கொடுக்க வேண்டியவர் யார்? ஏறத்தாழ இருபது வருடங்களாகச் சமூக வலைத்தளங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலே வளர்ந்தன. அவை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

2009ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உலகெங்கும் பலருடைய மின்னஞ்சலுக்கு ஒரே மாதிரியான கடிதம் வந்தது. தெரிந்த ஒருவர் ‘டாக்ட்’ என்ற தளத்தில் உங்களுக்குப் புகைப்படங்கள் அனுப்பியிருக்கிறார் என்பது அதன் தலைப்பு. அனுப்பியவர் பெயர் உண்மையான பெயர். மாமியாகவோ கூடப் படித்தவராகவோ இருப்பார். கடிதத்துக்குள் ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். கீழே ஒரு வரி: நீங்கள் பதில் சொல்லாவிட்டால் வேண்டாம் என்று சொன்னதாக அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். பக்கத்தில் வாடிய முகக்குறி. மாமி மனம் நோகக்கூடாதென்று ‘ஆம்’ அழுத்தினால், படத்தைப் பார்க்க முதலில் உறுப்பினராகு என்று சொல்லும். உறுப்பினராகும் வழியில் உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லைக் கேட்கும். கொடுத்த மறுகணம் உங்கள் பெயரில், உங்கள் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் அதே கடிதம் போகும். கடைசிவரைக்கும் புகைப்படம் வராது. மாமி அப்படி ஒன்றை அனுப்பவேயில்லை.

நியூயோர்க் மாநிலத்தின் அப்போதைய சட்டமா அதிபர் அண்ட்ரூ குவோமோ இந்தத் தளத்தின்மீது நடவடிக்கை எடுக்கப்போவதாக 2009 யூலையில் அறிவித்தார். சில மாதங்களுக்குள் இப்படி 6 கோடிக்கும் மேற்பட்ட கடிதங்கள் அனுப்பப்பட்டிருந்தன என்பது அவருடைய அலுவலகத்தின் கணக்கு. அதே வருடம் நவம்பரில் நியூயோர்க்கோடும் டெக்சாஸோடும் அந்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. இரண்டுக்கும் சேர்த்து 7,50,000 டொலர் கட்டியது. கடிதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதம்தான் விழுந்தது. இதைவிட மலிவான விளம்பரம் உலகில் கிடைக்காது. 2011இல் இதே நிறுவனம் ஹாய்-ஃபைவ் என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தையும் விலைக்கு வாங்கியது.

டாக்ட் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்த தளம் அல்ல. 2000களின் தொடக்கத்தில் பிளாக்ஸோ என்ற சேவை, ‘என் முகவரிப் புத்தகத்தைப் புதுப்பிக்கிறேன், உங்கள் விவரத்தைச் சரிபாருங்கள்’ என்று பயனர் பெயரில் கடிதங்களை அனுப்பி எரிச்சலைச் சம்பாதித்தது. 2007 செப்ரெம்பரில் குவெச்சப் என்ற தளம், பதிவுசெய்தவர்களின் மின்னஞ்சல் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அழைப்பு அனுப்பி ஒரே வாரத்தில் கெட்ட பெயர் எடுத்தது. இந்திய இளைஞர்களைக் குறிவைத்து வந்த யாரி தளத்தின் மீதும் இதே புகார்தான். பெயர்கள் மாறினாலும் பொறி ஒன்றே.

அந்தப் பொறியின் உட்புறத்தைச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்தில் ஒரு தளம் உங்கள் தொடர்புகளை எடுக்க விரும்பினால் நேரடியாக உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்டது. நீங்கள் கொடுத்ததும் அதன் கணினி நீங்களாகவே உள்ளே நுழைந்து பட்டியலை வழித்துக்கொண்டு வந்தது. வீட்டுச் சாவியை வாங்கி உள்ளே போய்விட்டு, டைரியை மட்டும்தான் எடுத்தேன் என்று சொல்வது போன்ற காரியம். அந்த டைரியோ, நீங்கள் கையால் எழுதியதுகூட அல்ல. 2004இல் வந்த ஜிமெயில், நாம் ஒருமுறை கடிதம் எழுதியவர்களின் முகவரியைத் தானாகவே பட்டியலில் சேர்த்துக்கொண்டது. பிறகு முகவரியைத் தட்டச்சுச் செய்யும்போது உதவும் என்பது அதன் நல்ல நோக்கம். ஆனால் அதனால் ‘நண்பர்கள்’ என்று அந்தத் தளங்கள் அள்ளிக்கொண்டு போனவர்களுக்குள், ஐந்து வருடங்களுக்கு முன் பழைய மோட்டார் சைக்கிள் விற்றவரும், விவாகரத்து வழக்கின் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும், சண்டை போட்டுப் பிரிந்த பங்காளியும் இருந்தார்கள்.

திரையும் அதற்கேற்றபடி அமைக்கப்பட்டிருந்தது. பட்டியல் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே சரி போடப்பட்டிருக்கும். ‘தொடர்க’ என்ற பொத்தான் பச்சையிலோ நீலத்திலோ பெரிதாக இருக்கும். ‘இப்போது வேண்டாம்’ என்பது வெளிர் சாம்பல் எழுத்தில் ஓர் ஓரத்தில் கிடக்கும். நெற்கஃபேயில் மணிக்குக் காசு கொடுத்து, பின்னால் ஆட்கள் காத்திருக்க, ஆங்கிலத் திரையை அவசரமாகக் கடக்கிற ஒருவர் எதை அழுத்துவார் என்பதில் சந்தேகமில்லை. இதை வடிவமைத்தவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

ஏன் பயனரின் பெயரில் அனுப்ப வேண்டும்? நிறுவனத்தின் பெயரில் வரும் விளம்பரத்தை யாரும் திறப்பதில்லை. தெரிந்தவர் பெயர் இருந்தால் திறப்பார்கள். எங்கள் ஊர்களில் இது சொல்லித்தர வேண்டிய விடயமே இல்லை. கலியாணத்துக்கு அட்டை தபாலில் வந்தால் போதாது. வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். யார் வந்து சொன்னது, யாருடைய பெயரால் சொன்னது என்பதைப் பொறுத்தே போவதும் போகாததும். அந்த வழமையின் பலத்தை இந்தத் தளங்கள் கடனாகக் கேட்கவில்லை; கேளாமலே எடுத்துக்கொண்டன. அழைப்பு வந்த வீட்டில் வருத்தப்பட்டவர்கள் நிறுவனத்தைக் கேட்கவில்லை, மாமியைத்தான் கேட்டார்கள். “என்ன பிள்ளை, ஏதோ படம் அனுப்பியிருக்கிறியாம், திறந்தா ஒண்டுமில்லை” என்று கேள்வி வரும்போது, அந்தப் பிள்ளைக்கே அப்போதுதான் விடயம் தெரியவரும்.

பெயரைக் களவாடுவதும் ஒரு களவு என்பதை ஒரு நீதிமன்றம் ஆராய்ந்த வழக்கு லிங்க்ட்இன் வழக்கு. வேலைதேடுவோரும் தொழில்வல்லுநர்களும் கூடும் அந்தத் தளத்தின்மீது 2013 செப்ரெம்பரில் கலிபோர்னியாவில் பயனர்கள் சிலர் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். தொடர்புகளைச் சேர்க்க அனுமதி கொடுத்தவர்களின் பெயரில் தளம் முதலில் ஓர் அழைப்பு அனுப்பும். பதில் இல்லாவிட்டால் அதே பெயரில் மேலும் இரண்டு நினைவூட்டல்கள் போகும். நீதிபதி லூசி கோ 2014இல் கொடுத்த தீர்ப்பு நுட்பமானது. தொடர்புகளை எடுத்ததற்கும் முதல் அழைப்புக்கும் பயனர் சம்மதித்திருந்தார் என்று வழக்கின் அந்தப் பகுதியை அவர் தள்ளினார். ஆனால் இரண்டாம், மூன்றாம் கடிதங்களுக்குச் சம்மதம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்றார். மேலும், அந்த நினைவூட்டல்கள் பயனரின் மதிப்பைக் குறைக்கக்கூடும். மறுமொழி இல்லை என்பதன் பொருளைக்கூடப் புரிந்துகொள்ளாமல் விடாது தொந்தரவு செய்கிற ஆள் என்று பெற்றவர் அவரை எண்ணக்கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். 2015இல் லிங்க்ட்இன் 1 கோடியே 30 இலட்சம் டொலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு குறை உண்டு. வழக்குத் தொடுத்தவர்கள் பட்டியலை வைத்திருந்தவர்கள். பாதிப்பும் அவர்களுடைய பெயருக்கு வந்த பாதிப்பாகவே எடைபோடப்பட்டது. பட்டியலில் இருந்தவர்கள் அந்த வழக்கில் எங்கேயும் இல்லை. கடிதத்தைப் பெற்றவரிடம் ‘உன் முகவரியை எடுத்துக்கொள்ளலாமா’ என்று யாராவது கேட்டார்களா என்ற கேள்வியை ஐரோப்பாவில்தான் நேராகக் கேட்டார்கள்.

ஜேர்மனியின் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு பேஸ்புக்கின் ‘நண்பர்களைக் கண்டுபிடி’ வசதிக்கு எதிராகத் தொடங்கிய வழக்கு, பல வருடங்கள் இழுபட்டு, 2016 ஜனவரி 14 அன்று அந்நாட்டின் உச்ச உரிமையியல் நீதிமன்றத்தில் முடிந்தது. பயனர் பொத்தானை அழுத்தியதால் அது அவருடைய தனிக் கடிதம் என்பது பேஸ்புக்கின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. வசதியை அமைத்தது பேஸ்புக், பயன் பேஸ்புக்குக்கு; ஆகவே உறுப்பினரல்லாதவருக்குப் போகும் அந்தக் கடிதம் பேஸ்புக்கின் விளம்பரம், அவருடைய முன் சம்மதமில்லாமல் அனுப்பியது தொல்லை என்றது. பெல்ஜியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 மே மாதத்தில் இன்னும் ஒரு படி போனது. அங்கு இயங்கிய டூ என்ற சமூக வலைத்தளம், கட்டங்களில் ஏற்கெனவே சரி போட்டு வைத்துத் தொடர்புகளுக்கு அழைப்பு அனுப்பியதற்காக அதற்கு 50,000 யூரோ அபராதம் விதித்தது. மூன்றாம் ஆளுக்காகப் பயனர் சம்மதம் கொடுக்க முடியாது என்பது அந்த முடிவின் சாரம். தொகை சிறிது. ஆனால் நான் பார்த்தவரையில் இந்த விவகாரத்தின் முழுக் கணக்கும் அந்த ஒரே வாக்கியத்தில் தீர்ந்துவிடுகிறது.

இப்போது அந்த மாதிரிக் கடிதங்கள் குறைந்துவிட்டன. கடவுச்சொல்லைக் கேட்கும் வழக்கமும் பெரும்பாலும் ஒழிந்தது. அதனால் பிரச்சினை தீர்ந்ததென்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கடிதம் அனுப்புவதுதான் நின்றது. பட்டியலை எடுப்பது நிற்கவில்லை. 2012 பெப்ரவரியில் சிங்கப்பூரில் இருந்த அருண் தம்பி என்ற நிரலாளர், பாத் என்ற செயலி ஐபோனிலுள்ள முழு முகவரிப் புத்தகத்தையும் சொல்லாமல் தன் சேவையகத்துக்கு ஏற்றுவதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். அந்த ஆரவாரத்துக்குப் பிறகுதான், அதே ஆண்டு இறுதிப்பகுதியில் வந்த ஐபோன் மென்பொருள், தொடர்புகளைத் தொடுமுன் பயனரைக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2013 யூனில் பேஸ்புக் ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. தங்கள் தரவைத் தரவிறக்கியவர்களுக்கு, மற்றவர்கள் ஏற்றிய முகவரிப் புத்தகங்களிலிருந்து பெறப்பட்ட எண்களும் மின்னஞ்சல்களும் சேர்ந்து போயிருந்தன; 60 இலட்சம் பேருடைய விவரங்கள். ஒருவர் பேஸ்புக்குக்கு ஒருபோதும் கொடுக்காத எண்ணை அவருடைய மச்சான் கொடுத்திருந்தார் என்பதை உலகம் அன்றுதான் தெளிவாகக் கண்டது. 2019 ஏப்ரலில் இன்னொன்று வெளிவந்தது: 2016 மே மாதத்திலிருந்து, கணக்கைச் சரிபார்க்க மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கொடுத்த 15 இலட்சம் பேரின் தொடர்புகள் ஏற்றப்பட்டிருந்தன. தவறுதலாக நடந்தது என்றது நிறுவனம். 2021இல் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் இரவிரவாக அரட்டை நடந்த கிளப்ஹவுஸ் செயலியும், ஒருவரை அழைக்க வேண்டுமானால் முழுத் தொடர்புப் பட்டியலையும் கொடு என்றுதான் தொடங்கியது.

எடுத்த பட்டியல் என்ன ஆகும்? பெரும்பாலும் ‘உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்’ என்ற பரிந்துரையாகும். அது பாதகமில்லாதது போலத் தெரியும். ஆனால் இரண்டு பேர் ஒருவரையொருவர் அறிவார்கள் என்ற செய்தியே சில இடங்களில் ஆபத்து. அதன் மிகக் கொடிய வடிவத்தைத் தமிழ்நாடு 2020இன் இறுதியில் பார்த்தது. உடனடிக் கடன் செயலிகள் சில ஆயிரம் ரூபா கொடுக்குமுன் கைப்பேசியின் தொடர்புகளை எடுத்துக்கொண்டன. தவணை தவறியதும் கடனாளியின் படத்தோடு ‘திருடன்’ என்று எழுதி, அவருடைய மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பின. அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. சென்னைப் பொலிசார் இது தொடர்பான வழக்கில் சீன நாட்டவர்களையும் கைதுசெய்தார்கள். 2022 செப்ரெம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் தொடக்கூடாது என்று நெறிமுறை கொண்டுவந்தது. 2023இல் கூகிள் தன் செயலிக் கடையிலும் அதே தடையை விதித்தது. மாமி பெயரில் வந்த பொய் அழைப்பும் மாமனாருக்குப் போன மிரட்டலும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. இரண்டுமே உறவை ஆயுதமாக்கின.

மன்னார்க் கரைக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது என்பதைத் தனியே சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஒருவருடைய தொடர்புகள் பெரும்பாலும் ஒரே நாட்டுக்குள், ஒரே சட்டத்துக்குள் இருக்கும். இங்கே ஒரு குடும்பத்தின் பட்டியலே நான்கு நாடுகளில் பரந்து கிடக்கிறது. பெயரை மாற்றிக்கொண்டு வாழ்கிறவர், வழக்கு நிலுவையில் இருப்பவர், காணாமற்போனோரின் உறவினராகச் சாட்சியம் சொன்னவர், இவர்களெல்லாம் ஒரே பட்டியலில் அருகருகே இருக்கிறார்கள். திருக்கேதீஸ்வரக் கோயிலுக்கு அருகில் 2013 டிசெம்பரில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்ட ஊர் இது. அந்தப் புதைகுழி பற்றி யார் யாருக்கு எழுதினார் என்பதும் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் பட்டியலில் பதிந்துதான் இருக்கும். ரொறன்ரோவில் ஒருவர் விளையாட்டுச் செயலியொன்றுக்கு ‘அனுமதி’ அழுத்தும்போது, மன்னாரில் இருப்பவரையும் சுவிஸில் இருப்பவரையும் இணைக்கும் கோடு ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் விழுகிறது. அந்த இருவருக்கும் அது தெரியவராது.

இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு மார்ச்சில் சான்றுப்படுத்தப்பட்டது. மின்னஞ்சலாலோ தொலைபேசியாலோ விளம்பரச் செய்தி அனுப்பப் பெறுநரின் சம்மதம் வேண்டும் என்று அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு. மீறினால் 1 கோடி ரூபா வரை அபராதம். ஒருவர் தன் சொந்த, குடும்பத் தேவைக்காக வைத்திருக்கும் தரவுக்குச் சட்டம் பொருந்தாது. ஆகவே தமக்கையின் எண்ணைச் சேமித்ததற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. அதே எண்ணை வாங்கிக்கொண்டு வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கு அந்த விலக்கு இல்லை. இந்தப் பிரிப்பு சரியானது. ஆனால் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வரவேண்டிய 2025 மார்ச் 18 என்ற நாள் தள்ளிப்போடப்பட்டது. இந்தியாவும் 2023இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, 2025 நவம்பரில் விதிகளை வெளியிட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறது. நிறுவனங்களுக்கு அவகாசம் கொடுப்பதில் இரு அரசுகளும் தாராளம்தான்.

சட்டம் நடைமுறைக்கு வரும்வரை வாசகர் செய்யக்கூடியவை சில உள்ளன. கைப்பேசியின் அமைப்புகளில் எந்தெந்தச் செயலிக்குத் தொடர்புகளைப் பார்க்க அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். டோர்ச் வெளிச்சத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் உங்கள் தமக்கையின் எண் தேவையில்லை. பேஸ்புக்கில் நீங்கள் முன்பு ஏற்றிய தொடர்புகளை அழிக்கும் வசதி இருக்கிறது; அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது நீங்கள் ஏற்றியதை மட்டுமே அழிக்கும். உங்கள் எண்ணை உங்கள் மச்சான் ஏற்றியிருந்தால் அது அங்கேயே கிடக்கும். அதற்கென்று பேஸ்புக்கின் உதவிப் பக்கங்களுக்குள் ஆழத்தில் ஒரு படிவம் ஒளிந்திருப்பது 2022இல் வெளியே தெரியவந்தது. கணக்கே இல்லாதவர்கூட அதில் போய், மற்றவர்கள் ஏற்றிய பட்டியல்களிலிருந்து தன் எண்ணை அழிக்கவும் மறுபடி ஏறாமல் தடுக்கவும் கேட்கலாம். கேட்பதற்கு அந்த எண்ணை நீங்களே அங்கே எழுதிக் கொடுக்க வேண்டும். தடுப்பதற்காக அதன் ஒரு பிரதியை நிறுவனம் வைத்துக்கொள்ளும்.